பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே ஸ்பீக்கர்: வட சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று ஸ்பீக்கரில் இரண்டு வகை கிடையாது. உள்ளே வருகிற ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் வெளியே விடுகிற ஸ்பீக்கர் எதுவோ, அது நாதஸ்வரத்துக்கும் நல்லது, சண்டைக் காட்சிக்கும் நல்லது. மாறுவது நம்முடைய தேவைதான். ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள், எண் குறையக் குறைய சுரம் கீழே இறங்கும். பாட்டில் நாம் கேட்கிறதில் பெரும்பகுதி 40 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருக்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகக் கீழான சுரமே 41 ஹெர்ட்ஸ்தான். படத்தில் வரும் இடியும் வெடிச்சத்தமும் அதற்கும் கீழே, 20 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும். பாட்டுக்கு இடது, வலது இரண்டு போதும். படத்துக்கு வசனம் திரையிலிருந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும், ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் பெரிய ஹாலை வைத்து எழுதப்பட்டவை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் பலருடைய ஹால் பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று. கடல் காற்று வேறு. அந்த வீட்டுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே அட்டைப்பெட்டியில் வரும் மலிவான 5.1 செட்டை (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) விட்டுவிட்டு, அதே பணத்தில் முதலில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். பிறகு சின்ன சப்வூஃபர், அதாவது ஆகக் கீழான ஒலிக்கென்றே இருக்கும் பாக்ஸ். வசனம் போதவில்லை என்றால் மட்டும் நடு ஸ்பீக்கர். இந்த வரிசையில் போனால் பாட்டும் கெடாது, படமும் கெடாது.

1. கடைக்குப் போகும் முன் அறையை அளந்துகொள்ளுங்கள்

நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த அறை எந்த அதிர்வெண்ணில் தானும் சேர்ந்து முழங்கும் என்று தெரிந்துவிடும். பத்து அடி என்பது 3.05 மீட்டர், அதற்கு 57 ஹெர்ட்ஸ் வரும். பன்னிரண்டு அடிக்கு 48. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து அடியாக இருக்கிற அறையில் மூன்று பக்கமும் அதே 57 ஹெர்ட்ஸில் கைகோத்துக்கொள்ளும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் 'கும்' என்று வீங்கும், மற்ற சுரங்கள் அமுங்கிப் போகும். பலர் இதை ஸ்பீக்கரின் குறை என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அறை மாறாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் அது போகாது.

உட்காரும் இடத்தை மாற்றினால் பெரும்பகுதி போய்விடும். இந்த முழக்கம் சுவரை ஒட்டி மிக அதிகமாகவும் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். அதனால் பின்சுவரில் முதுகை ஒட்டி உட்காராதீர்கள், சரியாக நடுவிலும் உட்காராதீர்கள். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். கட்டில் சுவரோடு ஒட்டித்தான் இருக்க முடியும் என்றால், ஒரு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாலே வித்தியாசம் கேட்கும்.

அப்புறம் அறை நடுவில் நின்று பலமாக ஒரு தட்டு கை தட்டுங்கள். 'டிங்' என்று ஒரு வால் நீண்டு கேட்டால் டைல்ஸ் தரையும் வெறும் சிமென்ட் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். வசனம் புரியாமல் போவதற்குப் பல வீடுகளில் முதல் காரணம் இதுதான். மெல்லிய ஜன்னல் துணி மேல் சுரங்களை மட்டும்தான் கொஞ்சம் உறிஞ்சும். கனமான திரை, தரையில் ஜமுக்காளம், புத்தக அலமாரி, துணி அடுக்கிய திறந்த ராக் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும். இலவம் பஞ்சு மெத்தை இருந்தால் பகலில் சுருட்டி மூலையில் நிறுத்தி வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் நுரைப் பலகைகள் பலவற்றைவிட அது மேல். இரும்பு பீரோ இருந்தால் கதவு அதிர்கிறதா என்று பாருங்கள். கதவு இடுக்கில் ஒரு ரப்பர் துண்டு செருகினால் போதும்.

2. யார், எங்கே, எந்த உயரத்தில்

நம் வீடுகளில் பாதி நேரம் தரையில் பாய் போட்டுத்தான் உட்காருகிறோம். தரையில் உட்கார்ந்தால் காது இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். சோபாவில் மூன்று அடிக்கு மேல். ட்வீட்டர், அதாவது பாக்ஸில் மேல் சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர், காது உயரத்துக்கு வர வேண்டும் என்பது எல்லா ஸ்பீக்கருக்கும் பொதுவான விதி, மேல் சுரங்கள் நேராகத்தான் நன்றாகப் போகும். பாக்ஸைப் பரண் மேல் ஏற்றி வைக்கும் பழக்கத்தை நான் கண்டிப்பாகக் கைவிடச் சொல்வேன். மேல் சுரம் தலைக்கு மேலே போய்விடும், கூரையும் சுவரும் சேர்ந்து பேஸை, அதாவது கீழ் சுரங்களை, ஊதிப் பெரிதாக்கிவிடும்.

இன்னொரு கேள்வி, எத்தனை பேர் சேர்ந்து பார்க்கிறீர்கள்? இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்தால், பாடகர் குரல் நடுவிலிருந்தே வருகிற மாதிரி கேட்கும். அங்கே ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் அப்படிக் கேட்கும். பக்கவாட்டில் உட்காருகிறவருக்கு அந்தக் குரல் பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய் விழுந்துவிடும். ஒருவர், இருவர் கேட்கும் வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் படத்துக்கும் போதும். ஐந்தாறு பேர் வரிசையாக உட்காரும் வீட்டுக்குத்தான் நடு ஸ்பீக்கர் தேவைப்படும்.

3. எத்தனை ஸ்பீக்கர்?

பத்துக்குப் பத்து அறைக்கு 2.1தான் என் தேர்வு. அதாவது இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சின்ன பாக்ஸ்), ஒரு எட்டு அங்குல அல்லது பத்து அங்குல சப்வூஃபர். குடும்பம் பெரிதானால் 3.1, அதாவது கூடவே நடு ஸ்பீக்கர். 5.1இல் பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரின் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னே, 110 டிகிரி வாக்கில், கொஞ்சமாவது தள்ளி இருக்க வேண்டும். சின்ன அறையில் அவை காதோடு ஒட்டி நிற்கும், படத்தில் யாரோ பின்னால் நடந்தால் காதுக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். பதினைந்து அடி நீளமாவது இருந்தால் 5.1 பற்றி யோசிக்கலாம்.

சவுண்ட்பார் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். டிவியோடு வரும் ஸ்பீக்கரைவிட வசனம் தெளிவாகவே இருக்கும். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டுக்கு அது நல்ல வழி. ஆனால் மூன்று அடி நீளப் பட்டைக்குள் இடதும் வலதும் அடங்கிவிடுவதால், பாட்டில் வீணை இந்தப் பக்கம் மிருதங்கம் அந்தப் பக்கம் என்ற விரிவு வராது. பாட்டு உங்களுக்கு முக்கியம் என்றால் சவுண்ட்பார் காசில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். சப்வூஃபருக்கும் எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கும் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே வெளியே எடுக்கும் வழி) இடம் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

4. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

'பிஎம்பிஓ 5000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு எந்த வரையறையும் இல்லை. ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, அதை மட்டும் பாருங்கள், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அதைவிட முக்கியமானது சென்சிடிவிட்டி. 87 டெசிபல் என்று போட்டிருந்தால் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் இரண்டு ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து 80க்கு மேல் கிடைக்கும், அது நல்ல சத்தம். அதாவது நம் ஹாலில் சாதாரணமாகப் பாட்டு கேட்க ஓரிரு வாட்டே போதும். படத்தின் திடீர் வெடிப்புகளுக்குக் கையிருப்பு வேண்டும் என்பதால் சேனலுக்கு 40, 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் இருந்தால் தாராளம்.

ஹெர்ட்ஸ் அளவைப் பார்க்கும்போது பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஹெர்ட்ஸ் எல்லைக்குள் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் ஏறாது, இறங்காது என்று அதற்குப் பொருள். அது இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. அந்தக் கணக்கில் 55 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை தருகிற ஸ்பீக்கர் சப்வூஃபரோடு சேர்ந்தால் நமக்கு முழுமையானது. ஓம்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) 6 அல்லது 8 இருந்தால் எந்த ஆம்புக்கும் கஷ்டம் இல்லை. 4 ஓம் என்றால் மலிவான ஆம்ப் சூடாகும்.

5. ஆம்ப், டிவி இணைப்பு

எப்போதுமே 2.1தான் என்று முடிவாகிவிட்டால், எச்டிஎம்ஐ ஏஆர்சியும் சப்வூஃபர் அவுட்டும் உள்ள ஸ்டீரியோ ஆம்ப் போதும். பிற்காலத்தில் நடு ஸ்பீக்கர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே ஏவி ரிசீவர் (இரண்டுக்கு மேற்பட்ட ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்) வாங்கிவிடுங்கள். அதில் 'சென்டர் இல்லை' என்று அமைத்தால் வசனத்தை அதுவே இடது, வலதுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும், எதுவும் காணாமல் போகாது. ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அறையை அளக்கும் வசதியும் உண்டு: டெனானில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ. 57 ஹெர்ட்ஸ் வீங்கும் நம் அறைகளுக்கு அது பெரிய உதவி.

ஸ்டீரியோ ஆம்பை ஆப்டிகல் வயரில் இணைத்தால் டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (சாதாரண இரண்டு சேனல் ஒலி) தேர்ந்தெடுங்கள். டால்பியில் விட்டால் அந்த ஆம்பால் பிரிக்க முடியாது, சத்தமே வராது. படத்துக்கு புளூடூத் வேண்டவே வேண்டாம், வாய் அசைவுக்கும் வசனத்துக்கும் இடைவெளி விழும்.

பணத்தைப் பிரிக்கும்போது நூறு ரூபாயில் ஐம்பது ஸ்பீக்கருக்கு, முப்பது ஆம்புக்கு, மீதி சப்வூஃபருக்கும் வயருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயருக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்தாறு மீட்டருக்குத் தாராளம். நுனியில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

6. காதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்

வயர், பிளக், மாற்று ஊஃபர் (பாக்ஸில் கீழ் சுரம் தரும் ஸ்பீக்கர்) வாங்க ரிச்சி தெருவை விட்டால் இடம் இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஆனால் அந்தச் சந்தடியில் ஸ்பீக்கரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. டெமோ அறை உள்ள கடைக்குப் போன் பண்ணி, கூட்டம் இல்லாத வார நாள் காலையில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். பாரிமுனை பக்கம் மலிவாகக் கிடைத்தால், பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடைக்காரர் போடும் டெமோவை நம்ப வேண்டாம். எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும் துண்டுகளைத்தான் அதில் வைத்திருப்பார்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். நான் சொல்லும் வரிசை இது.

முதலில் நாதஸ்வரம், தவில். நாதஸ்வரம் மலிவான ட்வீட்டரை உடனே காட்டிக் கொடுத்துவிடும். நல்ல ஸ்பீக்கரில் கம்பீரமாக இருக்கும், மோசமானதில் காதைக் கிழிக்கும். தவிலில் விரலில் கூடு மாட்டி வாசிக்கிற வலந்தலைப் பக்கமும் குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும்.

அடுத்து எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று, பேஸ் கிட்டார் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி. பல்லவியிலிருந்து சரணம் வரை அந்த பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு வாயால் முணுமுணுக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அது நல்ல பேஸ். எல்லாச் சுரமும் ஒரே 'தும் தும்' ஆகக் கேட்டால் எவ்வளவு அதிர்ந்தாலும் வேண்டாம். இந்த ஒரு சோதனையே பாதி ஸ்பீக்கர்களைக் கழித்துவிடும். தெருவிழா பாக்ஸ்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம், அதிர்வை பேஸ் என்று எடுத்துக்கொள்வது எளிது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது ஒரு கானா. குரலும் தாளமும் மட்டும் இருக்கிற பழைய பதிவாக இருந்தால் நல்லது. கானாவில் மறைத்துக்கொள்ள வேறு வாத்தியம் கிடையாது. பாடுகிறவரின் தொண்டைக் கரகரப்பு, மூச்சு, வார்த்தை முடியும் இடத்தின் இழுப்பு எல்லாம் ஆள் எதிரே உட்கார்ந்து பாடுகிற மாதிரி வர வேண்டும். குரலை வழுவழுப்பாக்கித் தருகிற ஸ்பீக்கர் கேட்க இனிமையாகத் தெரியலாம், ஆனால் அது உண்மையை மாற்றிச் சொல்கிறது. 'ச', 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் 'உஸ்' என்று சீறுகிறதா என்றும் கவனியுங்கள்.

கடைசியில் ஒரு படக் காட்சி. வெடிகுண்டு காட்சி தேவையில்லை. மழையிலோ கூட்டத்திலோ, பின்னணி இசைக்கு நடுவே இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி. ஒலியைக் கூட்டாமல் ஒவ்வொரு வார்த்தையும் புரிய வேண்டும்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்த அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். போனில் இருக்கும் டெசிபல் ஆப் போதும். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் காதுக்கு எப்போதும் நல்லதாகத் தெரியும், அந்த ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாம் அணைத்திருக்க வேண்டும். பிறகு சத்தத்தை நன்றாகக் குறைத்தும் கேளுங்கள். வீட்டில் ராத்திரி நீங்கள் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

7. பழையது வாங்கினால்

ஸ்பீக்கர் பல ஆண்டு உழைக்கும் பொருள், பழையதில் நல்ல லாபம் உண்டு. கோனின் (முன்னால் அதிரும் கூம்பின்) ஓரத்தில் இருக்கும் வளையம் ரப்பரா நுரையா என்று பாருங்கள். நுரை நம் ஈரப்பதத்தில் பொடிந்துவிடும். கோனை இரண்டு பக்கமும் விரலால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள், உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும், அது குறை இல்லை. ஜோடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும்.

8. வீட்டில் வைப்பது

நல்ல ஸ்பீக்கரைத் தப்பாக வைத்தால் காசு வீண். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமாக இருங்கள். ஸ்பீக்கர்களுக்கு இடையே ஆறு அடி என்றால் நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு அடி. மூலைக்குள் தள்ளாதீர்கள், சுவருக்கு அருகே போகப் போக பேஸ் வீங்கும். பின்பக்கத் துளை உள்ள பாக்ஸை முடிந்தால் ஒரு அடியாவது முன்னால் இழுங்கள். இடம் இல்லை என்றால் முன்பக்கத் துளை உள்ளதையோ மூடிய பாக்ஸையோ தேர்ந்தெடுங்கள். அதுவும் முடியாதபோது துளைக்குள் சுருட்டிய காலுறை ஒன்று செருகினால் பேஸ் அடங்கும்.

ஸ்டாண்டுக்குத் தெருமுனை வெல்டிங் பட்டறையே போதும். சதுரக் குழாயில் உங்கள் காது உயரத்துக்கு அளவு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், உள்ளே காய்ந்த மணலை நிரப்பினால் குழாய் ஒலிக்காது.

சப்வூஃபருக்கு இடம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் ஓடும் பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாக இருக்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு, நீங்கள் பழைய இடத்தில் உட்காருங்கள். சின்ன அறைக்கு மூடிய பாக்ஸ் சப்வூஃபர் நல்லது, சத்தம் சட்டென்று நிற்கும். ரிசீவரில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள், அதற்குக் கீழானது சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபரில் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

பாட்டையும் படத்தையும் சமாதானப்படுத்துவது கடைசியில் இந்த சப்வூஃபரின் அளவுதான். பாட்டுக்கு, அது ஓடுவதே தெரியக் கூடாது, அணைத்தால்தான் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். படத்துக்கு அதிலிருந்து 2, 3 டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஆம்பில் இரண்டு அமைப்பைச் சேமிக்க முடிந்தால் சேமித்துவிடுங்கள்.

9. உப்புக் காற்று, மழை, பக்கத்து வீடு

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வயர் நுனியில் ஆறே மாதத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கலாம். தங்க முலாம் பூசிய பனானா பிளக் போட்டு இறுக்குங்கள், அவ்வப்போது கழற்றித் துடையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் அருகே பாக்ஸ் வேண்டாம், அட்டைப் பலகை ஈரத்தில் உப்பும். ஆம்பை மூடிய ஷோகேஸுக்குள் வைக்காமல் மேலே நாலு விரல் காற்றோட்டம் விடுங்கள். மூன்று பின் எர்த் சரியாக இருக்க வேண்டும். பாட்டு இல்லாதபோதும் 'ங்ங்' என்று இரைந்தால் டிடிஎச் வயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. சப்வூஃபரின் ஆம்ப் தரையோரமாகவே இருப்பதால், மழை எச்சரிக்கை வந்ததும் முதலில் அதைக் கட்டில் மேல் ஏற்றுங்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், பகலில் 55 என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வசனம் சுவரில் ஓரளவு நின்றுவிடும், பேஸ் நிற்காது. அது தளத்தின் கான்கிரீட் வழியாகவே கீழ் வீட்டுக்குப் போகும். சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போடுங்கள். பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிட்டு நைட் மோடை இயக்குங்கள், சத்தமான இடம் அடங்கும், தாழ்ந்த வசனம் மேலே வரும். செட் வைத்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவிடமும் கீழ் வீட்டிலும் எந்த நேரத்தில் எவ்வளவு கேட்கிறது என்று விசாரித்து, அதற்கு ஏற்ப அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.